பந்தயச் சைக்கிளுக்குப் பின்னால் நின்றவர்கள்

இத்தாலியின் வடமேற்கில் நோவி லிகுரே என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. 1930களின் பிற்பகுதியில் அந்த ஊருக்குப் பந்தய சைக்கிள்காரர்கள் தேடிப் போனது பியாஜோ கவான்னா என்ற மசாஜ்காரரை. கனத்த உடம்பு, கறுப்புக் கண்ணாடி, கையில் தடி. கண்பார்வை முற்றிலும் போயிருந்தது. வீரர் கட்டிலில் படுத்ததும் தொடையிலும் கெண்டைக்காலிலும் விரல்களை அழுத்தி, நாடி பிடிக்கும் வைத்தியரைப் போலக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். நேற்று எவ்வளவு ஓட்டினான், எங்கே ஓய்ந்தான், நாளைக்கு மலை ஏறலாமா கூடாதா என்பதெல்லாம் அந்த விரல்களுக்குத் தெரியும் என்று ஊரே நம்பியது.

அதே ஊரில் இறைச்சிக் கடை ஒன்றில் வேலை பார்த்த பையன், கட்டித் தந்த பொட்டலங்களைச் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். காஸ்தெல்லானியா என்ற மலைக் கிராமத்து ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளை. ஒட்டிய உடம்பு, நீண்ட மெல்லிய கால்கள். பார்த்தவுடன் வீரன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கவான்னாவின் விரல்கள் வேறு விதமாகச் சொல்லின. அந்தப் பையன்தான் ஃபாஸ்டோ கோப்பி. 1940ல், 20 வயதில், ஜிரோ டி இத்தாலியாவை வென்றார். அவ்வளவு இளம் வயதில் அந்தப் பந்தயத்தை இன்றுவரை வேறு யாரும் வென்றதில்லை. மொத்தம் 5 ஜிரோ, 2 டூர் டி பிரான்ஸ். 1949ல் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் மனிதரும் அவரே.

கவான்னாவுக்கு அது முதல் வெற்றி அல்ல. அதே ஊர்க்காரரும் மிலான்–சான்ரெமோ பந்தயத்தை 6 முறை வென்றவருமான கோஸ்தாந்தே ஜிரார்தெங்கோவின் கால்களையும் அவர்தான் பிடித்துவிட்டிருந்தார். கோப்பியின் பெயர் பரவிய பிறகு, இளைஞர்கள் கூட்டமாக வந்து தங்கிப் பழகும் பள்ளியாகவே அவர் இடம் மாறியது. சேர்ந்து சாப்பாடு, சேர்ந்து ஓட்டம், நேரத்தோடு தூக்கம். அங்கே உருவான சாந்த்ரினோ கரேயா, எத்தோரே மிலானோ இருவரும் பின்னாளில் கோப்பிக்காகக் காற்றைக் கிழித்து முன்னே ஓட்டும் துணைவீரர்கள் ஆனார்கள். 1952 டூரில் எதிர்பாராமல் முதலிடத்துக்குரிய மஞ்சள் ஜெர்சி தனக்கு வந்தபோது, தலைவனை மீறிவிட்டோமே என்று கரேயா அழுதார். கவான்னா பள்ளியின் கட்டுப்பாடு அந்தக் கண்ணீரில் தெரிகிறது.

கவான்னாவிடம் கருவி எதுவும் இருக்கவில்லை. இருந்தது ஒன்றுதான்: ஒரே ஆளின் உடம்பை நாள்தோறும் தொட்டு, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை நினைவில் வைத்திருந்தது. இன்று மாதாமாதம் கட்டணம் வாங்கும் பயிற்சித் திட்டங்களை எடைபோடவும் அதைவிட நல்ல படிக்கல் கிடைப்பது கடினம்.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. உலகப் புகழ்பெற்ற வீரருக்கு ஆசானாக ஒரு மசாஜ்காரர் ஏன் வர வேண்டும்? ஓட்டப்பந்தயத்துக்கும் குத்துச்சண்டைக்கும் பயிற்சியாளர்கள் இருந்த காலம்தான் அது.

பதில் டூர் டி பிரான்ஸின் பிறப்பிலேயே இருக்கிறது. 1903ல் அந்தப் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்ச், வீரன் தன்னந்தனியாகப் போராட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். வெளியார் கை பட்டாலே குற்றம். 1913ல் தூர்மலே மலையிறக்கத்தில் யூஜென் கிறிஸ்தோஃபின் சைக்கிள் முன்கவை முறிந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பல கிலோமீட்டர் நடந்து, அடிவாரக் கிராமத்தின் கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டினார். அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டறைப் பையன் ஒருவன் துருத்தி ஊதியதற்காக அவர் கணக்கில் தண்டனை நேரம் சேர்க்கப்பட்டது. இப்படிப்பட்ட பந்தயத்தில் பகலில் பயிற்சியாளருக்கு இடமே இல்லை. மிச்சமிருந்தது இரவு. இரவில் வீரனின் அறைக்குள் போகக்கூடியவர் மசாஜ்காரர் ஒருவர்தான். கால் பிடிப்பது, சாப்பாடு, மறுநாள் எப்படி ஓட்டுவது என்ற யோசனை, மாத்திரை, எல்லாம் அவர் பையிலிருந்தே வந்தன.

அந்தப் பைக்கும் ஒரு முன்கதை உண்டு. 1890களில் இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த சாபி வார்பர்ட்டன், ஓட்டக்காரராக இருந்து சைக்கிள் பயிற்சியாளராக மாறியவர். வேல்ஸ் நாட்டின் நிலக்கரிப் பகுதியில் உள்ள அபெராமன் என்ற ஒரே ஊரிலிருந்து ஜிம்மி மைக்கேலையும் லிண்டன் சகோதரர்களையும் எடுத்து வளர்த்து, பாரிஸ் வரை புகழ்பெற வைத்தார். ஓவியர் துலூஸ் லோத்ரெக் 1896ல் வரைந்த சுவரொட்டி ஒன்றில் குள்ளமான மைக்கேல் வாயில் பல்குத்தியோடு சைக்கிள் மிதிக்கிறார். பக்கத்தில் வார்பர்ட்டன் குனிந்து, திறந்த பைக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறார். களைத்த வீரனுக்கு அவர் தன் கோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்கும் சின்னக் கறுப்புப் புட்டி அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. அதில் என்ன இருந்தது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

ஆர்தர் லிண்டன் 1896 மே மாதம், ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளமுள்ள போர்டோ–பாரிஸ் பந்தயத்தில் கூட்டு வெற்றியாளரானார். இரண்டே மாதத்தில் இறந்துபோனார். டைஃபாய்டு என்று பத்திரிகைகள் எழுதின. புட்டிதான் காரணம் என்று பேசியவர்களும் இருந்தார்கள். நிரூபணம் எதுவும் இல்லை. அதே ஆண்டில் மைக்கேலும் வார்பர்ட்டனும் பகையாகிப் பிரிந்தார்கள். பிரிட்டிஷ் சைக்கிள் சங்கம் வார்பர்ட்டனைப் பந்தயத் திடல்களிலிருந்து விலக்கியது. 1897ல் அவரும் காலமானார். அவர் உண்மையிலேயே திறமையான பயிற்சியாளரா, மருந்து கொடுத்தவரா என்பதை இன்று யாராலும் தீர்மானிக்க முடியாது. புட்டியை அவர் மூடி வைத்ததன் விளைவு அது.

1924 டூரின் மூன்றாம் கட்டத்தில் பிரெஞ்சு வீரர் ஆன்ரி பெலிசியேயும் அவர் தம்பியும் பந்தயத்தை விட்டு விலகி, கூத்தான்ஸ் ஊர் ரயிலடி உணவகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வந்த பத்திரிகையாளர் அல்பேர் லோந்த்ரிடம் பைகளைத் திறந்தே காட்டினார்கள். கண்ணுக்குக் கோக்கைன், ஈறுக்குக் குளோரோஃபார்ம், இன்னும் பல மாத்திரைகள். மறுநாள் பிரான்ஸ் முழுக்க அதைப் படித்தது. கோப்பியும் பின்னாளில் ஊக்க மாத்திரை எடுத்ததைப் பேட்டியில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். ஆக, கவான்னாவின் காலத்தையும் அப்பழுக்கற்ற பொற்காலம் என்று கொண்டாட முடியாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊர்க் கிளப்புகளிலிருந்து வேறொரு வகை ஆசான்கள் வந்தார்கள். நார்மண்டியின் சோத்வில் கிளப்பை நடத்திய ஆந்த்ரே புஷே, ஜாக் ஆங்கெதில் என்ற பையனை மோட்டார் வண்டிக்குப் பின்னால் ஓட்டவைத்து வேகத்துக்குப் பழக்கினார். 1953ல் 19 வயதிலேயே, 140 கிலோமீட்டர் தூரம் கடிகாரத்தோடு தனியே போட்டியிடும் கிராண்ட் பிரி தெ நாசியோன் பந்தயத்தை ஆங்கெதில் வென்றார். டூரை 5 முறை வென்ற முதல் வீரரும் அவரே.

சிரில் கிமாரின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. 1972 டூரில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸோடு மல்லுக்கட்டிய கிமார், பச்சை ஜெர்சியை அணிந்திருந்தபோதே முழங்கால் வலி தாங்காமல், பந்தயம் முடியும் தறுவாயில் விலகினார். 1976ல் 29 வயதில் அணி இயக்குநர் ஆனார். அந்த ஆண்டே அவர் அணியின் லூசியன் வான் இம்பே டூரை வென்றார். அடுத்த ஆண்டு அவரிடம் பெர்னார் இனோ என்ற இளம் வீரர் இருந்தார். இனோ 1977ல் லியேஜ் பந்தயத்தை வென்றார், தோஃபினே பந்தயத்தையும் வென்றார். நாடே அவரை டூரில் பார்க்கத் துடித்தது. கிமார் அனுப்பவில்லை. ஓராண்டு பொறுத்து 1978ல் அனுப்பினார். முதல் முயற்சியிலேயே இனோ வென்றார், பிறகு மேலும் 4 முறை வென்றார். இளம் வீரரைப் பந்தயத்திலிருந்து தடுத்து நிறுத்தும் துணிச்சல், பயிற்சித் திட்டம் எழுதுவதைவிட அரிது. தன் முழங்காலை இழந்த மனிதருக்கு அது வாய்த்தது தற்செயல் அல்ல என்றே தோன்றுகிறது.

ஆசான் இல்லாமல் உச்சம் தொட்டவர்களும் உண்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பெரில் பர்ட்டன், ருபார்ப் என்ற கீரைத்தண்டு பயிரிடும் பண்ணையில் கூலிவேலை செய்தார். பண்ணைக்காரரும் சைக்கிள் வீரரே. மண்வெட்டியும் மூட்டையும் உடம்பைத் திடமாக்கின, மாலை நேரத்தில் ஓட்டம். 1967ல் 12 மணிநேரப் பந்தயத்தில் 277.25 மைல், அதாவது 446 கிலோமீட்டர் ஓட்டினார். ஆண்களின் சாதனையும் அன்று அதற்குக் கீழேதான் இருந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த ஆண் வீரர் மைக் மெக்நமாராவை முந்தும்போது, சட்டைப் பையிலிருந்து ஒரு அதிமதுர மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினார். அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

1980களில் ஆசானின் இருக்கையில் விஞ்ஞானி வந்து உட்கார்ந்தார். இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரான்செஸ்கோ கொன்கோனி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே இதயத்துடிப்பைக் குறித்துவரும் ஒரு சோதனையை 1982ல் வெளியிட்டார். வேகத்தோடு சீராக ஏறும் துடிப்பு எந்த இடத்தில் வளைகிறதோ, அங்கே வீரரின் நீடித்த உழைப்புக்கு எல்லை என்பது அவர் கணிப்பு. அதே ஆண்டு ஃபின்லாந்தின் போலார் நிறுவனம், ஒயர் இல்லாமல் கையில் கட்டிக்கொள்ளும் இதயத்துடிப்பு மானியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆய்வகத்துக்குள் மட்டும் கிடைத்த எண் சாலைக்கு வந்துவிட்டது.

1984 ஜனவரியில் மெக்சிகோ நகரத்தில், 32 வயதான பிரான்செஸ்கோ மோசர் ஒரு மணிநேரத்தில் 50.808 கிலோமீட்டர் ஓட்டினார். நான்கே நாளில் அதை 51.151 ஆக உயர்த்தினார். மெர்க்ஸ் 1972ல் நிறுவிய 49.431 கிலோமீட்டர் 11 ஆண்டுகள் அசையாமல் நின்றது. தட்டுச் சக்கரங்கள், காற்றைக் கிழிக்கும் உடை, கொன்கோனி குழுவின் அறிவியல் பயிற்சி என்று உலகம் வியந்தது. அந்தப் பயிற்சியில் ரத்தம் ஏற்றுவதும் அடக்கம் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து மோசரே சொன்னார். அப்போது அதற்குத் தடை இல்லை. பிற்பாடு கொன்கோனி மீது ஊக்கமருந்து வழக்கு வந்தது. காலவரம்பு கடந்துவிட்டதால் தண்டனை இல்லாமல் முடிந்தாலும், நீதிபதியின் எழுத்துபூர்வ விளக்கம் அவரைக் குற்றமற்றவராகக் காட்டவில்லை.

அவருடைய மாணவர் மிக்கேலே ஃபெராரி. மலையேற்றத்தில் ஒரு வீரர் மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறார் என்ற கணக்கைப் பந்தய உலகின் அன்றாடப் பேச்சாக்கியவர். கணக்கில் கெட்டிக்காரர் என்பதை எதிரிகளும் மறுப்பதில்லை. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் அவருக்கு 10 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்ததாக அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஆவணங்களோடு கூறியது. 2012ல் ஃபெராரிக்கு வாழ்நாள் தடை, ஆம்ஸ்ட்ராங்கின் 7 டூர் பட்டங்களும் பறிபோயின. நல்ல பயிற்சி அறிவும் கெட்ட மருந்தும் ஒரே ஆளிடமிருந்து ஒரே பொட்டலமாக வந்தால் வீரர் எப்படிப் பிரித்தறிவார்? இந்தத் தொழிலின் வரலாற்றில் ஆறாத புண் இது.

போலந்திலிருந்து வந்த எடி பொரிசேவிச்சின் கதையிலும் இதே கறை உண்டு. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கை ஒட்டி வட அமெரிக்கா வந்தவர் அங்கேயே தங்கி, அமெரிக்க தேசிய அணியின் பயிற்சியாளர் ஆனார். ஆங்கிலம் சரியாக வராது. ஆனால் கிழக்கு ஐரோப்பாவின் ஒழுங்கான பயிற்சிமுறையை, ஆண்டு முழுவதையும் பகுதி பகுதியாகத் திட்டமிடும் வழக்கத்தை, அவர்தான் அமெரிக்க இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் கையில் வளர்ந்த கிரெக் லெமாண்ட் 1979ல் இளையோர் உலகச் சாம்பியன், 1986ல் டூரை வென்ற முதல் அமெரிக்கர். 1912க்குப் பிறகு ஒலிம்பிக் சைக்கிள் பதக்கமே காணாத அமெரிக்கா, 1984 லாஸ் ஏஞ்சலஸில் 9 பதக்கங்களை அள்ளியது. சோவியத் அணி வராத ஒலிம்பிக் அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சில மாதங்களில் உண்மை வெளியே வந்தது. 7 அமெரிக்க வீரர்களுக்கு ஹோட்டல் அறையில் ரத்தம் ஏற்றப்பட்டிருந்தது.

மருந்தில்லாமல் அறிவியல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன், பீட்டர் கீன் ஜோடி ஒரு நல்ல சான்று. போர்ட்மன் வேலையில்லாத தச்சர். கீன் சிச்செஸ்டர் கல்லூரியின் இளம் விளையாட்டு விஞ்ஞானி. 4,000 மீட்டர் ஓட என்ன சக்தி வேண்டும், அதில் இந்த உடம்பிடம் எவ்வளவு இருக்கிறது, மீதியை எப்படி வளர்ப்பது என்று பின்னாலிருந்து முன்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். ஏன் என்று கேட்காமல் எதையும் செய்யாத வீரர், காரணம் சொல்லாமல் எதையும் கொடுக்காத ஆசான். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம். 1994 டூரின் தொடக்கப் பந்தயத்தில், லீல் நகரத் தெருக்களில், சராசரி வேகம் மணிக்கு 55.152 கிலோமீட்டர்.

போர்ட்மன் 1993 ஜூலை 23ல் மணிநேரச் சாதனையை முறியடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது, ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ முந்திக்கொண்டார். தானே கட்டிய சைக்கிள், அதில் துணிதுவைக்கும் இயந்திரத்தின் பேரிங். பயிற்சியாளர் யாரும் இல்லை. நார்வேயின் ஹாமார் திடலில் ஜூலை 16ல் முயன்று தோற்றார். அன்றிரவு கால்கள் இறுகிவிடாமல் இருக்க, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். சிறுநீர் உந்தி எழும்போதெல்லாம் தசைகளை நீட்டி மடக்கினார். மறுநாள் காலை 51.596 கிலோமீட்டர். மோசரின் சாதனை வீழ்ந்தது. ஆறு நாள் கழித்து போர்டோவில் போர்ட்மன் 52.270 ஓட்டினார். ஆய்வகமும் தனிமனிதப் பித்தும் ஒரே வாரத்தில் ஒரே இலக்கைத் தொட்டன.

இதற்கிடையில் ஜெர்மன் பொறியாளர் உல்ரிச் ஷோபரர், பெடல் மிதிக்கும்போது பற்சக்கரத் தாங்கியில் ஏற்படும் நுண்ணிய நெளிவை அளந்து, வீரர் எத்தனை வாட் சக்தி தருகிறார் என்று காட்டும் கருவியை 1980களின் பிற்பகுதியில் செய்திருந்தார். எதிர்க்காற்று அடித்தாலும் மேடு வந்தாலும் வாட் பொய் சொல்லாது. வீரர் வேறொரு கண்டத்தில் ஓட்டினாலும் பயிற்சியாளரால் ஒவ்வொரு நொடியையும் பார்க்க முடிந்தது. தொலைவிலிருந்து பயிற்சி தரும் தொழிலுக்கு அதுவே அடித்தளம். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல் 1996ல் வெளியிட்ட கையேடு, தொழில்முறை வீரர்களின் திட்டமிடலைச் சாதாரண வேலைக்காரர்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. விலைக்கு வாங்கும் 12 வாரத் திட்டங்களும் மாதக் கட்டணப் பயிற்சியாளர்களும் அந்த வழியில்தான் பெருகினார்கள்.

எண்கள் பெருகியதால் மூடிய பைகள் ஒழிந்துவிடவில்லை. பிரிட்டனின் ஸ்கை சைக்கிள் அணி 2010ல் நீச்சல் பயிற்சியிலிருந்து டிம் கெரிசனைக் கொண்டுவந்தது. பந்தய மரபில் ஊறாத அவர், தெனெரிஃப் தீவின் எரிமலை உயரத்தில் முகாம் போட்டுப் பயிற்சி முறையையே மாற்றினார். 2012ல் பிராட்லி விக்கின்ஸ் டூரை வென்றார். ஆனால் 2011 ஜூனில் ஒரு பந்தயத்தின் முடிவில் அந்த அணியின் மருத்துவருக்குப் பொதி ஒன்று கொண்டுவரப்பட்டது பின்னால் தெரியவந்தது. சாதாரண சளி மருந்து என்றது அணி. உறுதிப்படுத்த ஆவணம் இல்லை. விசாரணை 2017ல் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் மூடப்பட்டது. உள்ளே இருந்தது என்னவென்று இன்றும் யாரும் நிரூபிக்கவில்லை. எல்லாவற்றையும் அளந்து எழுதிவைப்பதாகப் பெருமைப்பட்ட அணிக்கு அது தீராத களங்கம்.

2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக், பெண்கள் சாலைப் பந்தயம், 137 கிலோமீட்டர். கொடி அசைந்ததும் முன்னே பாய்ந்தவர்களில் ஒருவர் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர். கணிதத்தில் முனைவர், லோசான் நகர ஆராய்ச்சியாளர். தொழில்முறை அணியில் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. பயிற்சி, உணவு, வெயிலைத் தாங்கும் பழக்கம் எல்லாவற்றையும் தானே படித்துத் தானே திட்டமிட்டார். கடைசி 40 கிலோமீட்டர் தனியே ஓட்டி, 75 நொடி முன்னதாக எல்லையைத் தொட்டார். பின்னால் வந்த நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளோய்டன், தான்தான் தங்கம் வென்றதாக எண்ணிக் கையை உயர்த்தினார். முன்னால் ஒருத்தி போயிருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கீசன்ஹோஃபரைப் பார்த்துப் பயிற்சியாளரே வேண்டாம் என்று முடிவுகட்டுவது அவசரம். அவருக்கு இருந்த படிப்பும் பொறுமையும் எல்லோருக்கும் வாய்க்காது. பெரும்பாலோருக்கு, கிமாரைப் போல நிறுத்தச் சொல்லும் ஒரு குரல் தேவை. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியுமுன் வாட் மானியோடு ஓட்டும் இளைஞர்களுக்கும் இன்று கைப்பேசியிலேயே பத்துப் பயிற்சியாளர்கள் கிடைக்கிறார்கள். அவர்கள் வென்ற பட்டங்களையும் அவர்களிடம் பயின்றவர்களின் படங்களையும் பார்த்து மயங்க வேண்டியதில்லை. இந்த வாரம் இந்தப் பயிற்சி எதற்கு, இந்த மாத்திரையில், இந்தப் பொடியில் என்ன இருக்கிறது, உடம்பு ஒத்துழைக்காத நாளில் திட்டத்தை எப்படி மாற்றுவார் என்று நேராகக் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் பணம் கட்டாதீர்கள்.